நிறுவனர் தினமும் அலுவலகம் வருகிறார். நான் என்ன செய்ய?

கேள்வி: கோவையில் விவசாய மோட்டார் பம்ப் தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் கடந்த ஆண்டு தலைமைச் செயல் அதிகாரியாகச் சேர்ந்தேன். அதற்கு முன் சென்னையில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றினேன். இங்கே நிறுவனத்தைத் தொடங்கிய பெரியவர்தான் என்னை அழைத்து வந்தார். "இனி எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று ஊழியர்கள் முன்னிலையிலேயே சொன்னார். ஆனால் இன்றும் தினமும் காலையில் வந்துவிடுகிறார். பவுண்டரி (வார்ப்பாலை) மேலாளரும் கொள்முதல் மேலாளரும் முதலில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் என் அறைக்கு வருகிறார்கள். மதுரைப் பக்கத்து டீலர் ஒருவர் ஐந்து மாதமாகப் பணம் தராததால் சரக்கு அனுப்புவதை நிறுத்தினேன். டீலர் பெரியவருக்குப் போன் செய்தார். மறுநாளே லாரி கிளம்பிவிட்டது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அவருடைய மகள் ஏற்றுமதியைக் கவனிக்கிறார். என்னிடம் எந்த விவரமும் வருவதில்லை. நான் இயக்குநர் குழுவில் இல்லை. பெரியவரை அலுவலகத்துக்கு வராமல் இருக்கச் சொல், இல்லையென்றால் ராஜினாமா செய் என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் ஆலோசனை என்ன?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்:

அன்புடையீர்,

நண்பர்கள் சொன்ன இரண்டில் முதலாவதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். இரண்டாவதற்கு ஒரு நேரம் வரலாம். அது எப்போது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தான் தொடங்காத நிறுவனத்தை நடத்த வருபவர்கள் பெரும்பாலும் நிறுவனர் விலகிவிட்டால் தங்கள் கை ஓங்கும் என்று நம்புகிறார்கள். நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலில் நான் கண்டவரை, வெளியே அனுப்பப்பட்ட நிறுவனரைக் காட்டிலும் உள்ளே ஓர் இடத்தில் வரையறையோடு அமர்ந்திருக்கும் நிறுவனரோடு வேலை செய்வது எளிது.

நம் நாட்டில் எல்லாரும் அறிந்த இன்ஃபோசிஸ் கதையை இந்தக் கோணத்தில் பாருங்கள். 1981இல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு 2014 வரை அந்த எழுவரில் ஒருவரே மாறி மாறித் தலைமை வகித்தார். 2014 ஆகஸ்டில் ஜெர்மானிய நிறுவனமான எஸ்.ஏ.பி.யிலிருந்து வந்த விஷால் சிக்கா, நிறுவனர் அல்லாத முதல் தலைமைச் செயல் அதிகாரியானார். அதே ஆண்டில் நாராயண மூர்த்தி இயக்குநர் குழுவிலிருந்தும் விலகினார். தாளில் பார்த்தால் இதைவிடச் சுத்தமான கைமாற்றம் இருக்க முடியாது. ஆனால் நிறுவனர்களின் குடும்பங்களிடம் பங்குகள் இருந்தன. அதைவிட முக்கியமாக, நிறுவனத்தின் நற்பெயர் தங்கள் நற்பெயர் என்ற எண்ணம் இருந்தது. உயர் அதிகாரிகளின் சம்பள உயர்வு, விலகிச் சென்ற முன்னாள் நிதி அதிகாரிக்குத் தரப்பட்ட தொகை, இஸ்ரேலைச் சேர்ந்த பனாயா நிறுவனத்தை வாங்கிய விதம் என்று கேள்விகள் எழுந்தபோது, அவற்றைக் கேட்க மூர்த்திக்கு ஒரு நாற்காலி இல்லை. ஆகவே அவை பத்திரிகைகளில் கேட்கப்பட்டன. 2017 ஆகஸ்ட் 18 அன்று சிக்கா ராஜினாமா செய்தார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை ஏறத்தாழ 10 சதவீதம் வீழ்ந்தது.

அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உங்களுக்குப் பயன்படுவது அதற்குப் பின் நடந்ததுதான். ஆறே நாளில், நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி நிர்வாகப் பொறுப்பு இல்லாத தலைவராக இயக்குநர் குழுவுக்குத் திரும்பினார். 2018 ஜனவரியில் மீண்டும் வெளியிலிருந்தே சலில் பரேக் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தார். 2019இல் அவர் மீது கணக்கு வழக்கு தொடர்பாகப் பெயரில்லாப் புகார்கள் வந்தபோது, அவை தணிக்கைக் குழுவின் விசாரணைக்குப் போயின. 2020 ஜனவரியில் ஆதாரம் இல்லை என்ற முடிவோடு முடிந்தன. 2022இல் பரேக்கின் பதவிக்காலம் 2027 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. சிக்கா, பரேக் இருவருமே வெளியாட்கள்தான். இரண்டு பேர் மீதும் சந்தேகக் கேள்விகள் எழுந்தன. ஆனால் பரேக்கின் காலத்தில் நிறுவனர்களில் ஒருவர் குழுவுக்குள்ளேயே அமர்ந்திருந்தார்; கேள்விகளைக் கேட்க உள்ளே ஓர் இடமும் முறையும் இருந்தன. பரேக்கின் காலம் நீண்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதைச் சிறிய காரணமாகவும் நினைக்கவில்லை.

அமெரிக்காவின் காபிக் கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸிலும் ஏறக்குறைய இதே பாடம்தான். 2023இல் லக்ஷ்மண் நரசிம்மனிடம் பொறுப்பை ஒப்படைத்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ், அந்த ஆண்டே இயக்குநர் குழுவிலிருந்தும் விலகினார். 2024 மே மாதம் விற்பனை சரிந்தபோது, நிறுவனம் எங்கே தவறுகிறது என்று இணையத்தில் பகிரங்கமாக எழுதினார். ஆகஸ்டில் நரசிம்மன் பதவி இழந்தார். (ஷுல்ட்ஸ் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரே அல்லர். 1971இல் மூவர் தொடங்கியதில் 1982இல் வேலைக்குச் சேர்ந்து, 1987இல் விலைக்கு வாங்கியவர். நிறுவனர் என்ற உரிமை பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை என்பதை நீங்களும் நினைவில் வையுங்கள். உங்கள் பவுண்டரி மேலாளர் பெரியவரோடு தொடக்க நாளிலிருந்து இருந்தவர் என்றால், அவரும் தம்மைப் பாதி நிறுவனராகவே எண்ணிக்கொண்டிருப்பார்.)

இனி உங்கள் நிறுவனத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எத்தனையோ விவரங்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை. வங்கிக் கடனுக்கு யார் பிணை? உங்கள் அளவிலான கோவை நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் கேஷ் கிரெடிட் (அன்றாடத் தேவைக்கு வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன்) வரம்புக்கு நிறுவனரும் அவர் மனைவியும் தனிப்பட்ட பிணைக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பல இடங்களில் குடியிருக்கும் வீட்டின் பத்திரமும் வங்கியில் இருக்கும். உங்கள் நிறுவனத்திலும் அப்படித்தான் இருக்கும் என்றே நினைக்கிறேன். கணக்குத் துறைத் தலைவரிடம் வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கி இன்றே படியுங்கள்.

பிணையாளியின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமாக நீளும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவில் சொல்கிறது. நிறுவனத்தின் சொத்தையெல்லாம் விற்றுத் தீர்த்த பிறகுதான் வங்கி பிணையாளியிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திவால் சட்டத்தின் தனிப்பட்ட பிணையாளிகள் பற்றிய விதிகள் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்று உறுதி செய்ததோடு, நிறுவனத்துக்கு மீட்புத் திட்டம் ஒப்புதலானாலும் அதனாலேயே பிணையாளி விடுபட்டுவிட மாட்டார் என்றும் சொல்லிவிட்டது. இதைப் பெரியவருடைய ஆடிட்டர் அவரிடம் கட்டாயம் சொல்லியிருப்பார்.

இப்போது அவர் இருக்கும் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். "இனி எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று உளமாரத்தான் சொன்னார். ஆனால் நீங்கள் தவறாக முடிவெடுத்தால் உங்களுக்குப் போவது ஒரு வேலை. அவருக்குப் போவது வீடு. முடிவெடுக்கும் உரிமையை அவர் உங்களிடம் தந்துவிட்டார். அதன் விளைவை ஏற்கும் கடமை அவரிடமே இருக்கிறது. அப்படி இருக்கையில் தினமும் காலையில் வந்து பவுண்டரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும் மனிதரை, பதவி ஆசை விடவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் நண்பர்கள் சொன்னபடி அவரிடம் பேசியிருந்தால், அவர் காதில் அது 'உங்கள் வீட்டை அடமானமாக வைத்துவிட்டு நீங்கள் வீட்டிலேயே இருங்கள்' என்றுதான் விழுந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை அந்தப் பாரத்தை அவர் தோளிலிருந்து கொஞ்சமாவது குறைப்பது. வங்கிகள் நிறுவனரின் பிணையை எளிதில் விடுவிப்பதில்லை. முழுமையாக விடுவிப்பதை ஓராண்டில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வீட்டுப் பத்திரத்தை விடுவித்து அதற்கு ஈடாக நிறுவனத்தின் பெயரில் உள்ள நிலத்தையோ கட்டடத்தையோ வைப்பது, கடன் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைத்து வரம்பைச் சுருக்கிக் கேட்பது, கடனில் ஒரு பகுதியைக் குறைந்த பிணை கேட்கும் வேறு வங்கிக்கு மாற்றுவது ஆகியவற்றை ஆண்டுதோறும் வரம்பு புதுப்பிக்கும்போது பேச முடியும். 'இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் வீட்டுப் பத்திரத்தை வாங்கிக் கையில் தருவது என் இலக்குகளில் ஒன்று' என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். இதுவரை வெளியிலிருந்து வந்த யாரும் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கூடவே, புதுப்பிக்கும்போது வங்கி உங்களிடம் பிணைக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். உங்களிடம் பங்கு இல்லை. சம்பளத்துக்கு வந்தவர் பங்குதாரரின் பாரத்தைச் சுமக்கக் கூடாது. பெரியவரே வற்புறுத்தினாலும் மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

மதுரை டீலர் விஷயத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்கை நிறுத்தியது தவறில்லை. ஆனால் அவருக்கு ஏன் அத்தனை காலம் கடன் விடப்பட்டது என்று முதலில் பெரியவரிடம் கேட்டிருக்கலாம். விவசாய பம்ப் வியாபாரம் கோடையில் கிணற்று நீர் இறங்கும்போது சூடு பிடிப்பது. விவசாயி பணம் தருவதோ அறுவடைக்குப் பிறகு. அந்த டீலர் எந்த மாதம் அடைப்பார், எத்தனை ஆண்டுகளாக அப்படி அடைத்திருக்கிறார், எந்த ஆண்டு மழை பொய்த்துத் தவறினார் என்பது உங்கள் கணினியில் இருக்காது. பெரியவரின் தலைக்குள் இருக்கும். அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதன் பிறகு அவருக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் அவருக்குக் காட்டுங்கள். சரக்கு இருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் காட்டி மாதாமாதம் வங்கிக்குத் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில், வங்கிகள் பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐந்து மாதமாக வராத பணத்தின் அளவுக்கு டிராயிங் பவர், அதாவது கடன் கணக்கிலிருந்து எடுக்கக்கூடிய தொகை, குறைகிறது. அது குறைந்தால் வரம்பு இறுகுகிறது, சம்பள நாளில் தவிப்பு வருகிறது, கணக்கு வரம்பு மீறினால் வங்கி முதலில் கடிதம் அனுப்புவது பிணையாளிக்கும் சேர்த்துத்தான். லாரியை அனுப்பச் சொன்ன அதே போனில் அவர் தம் வீட்டுப் பத்திரத்தின் மேல் இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்றினார் என்பதை ஒரே தாளில் எண்களோடு வையுங்கள், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல். இத்தனை ஆண்டு தொழில் செய்தவருக்கு அந்தத் தாளைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு, பழைய டீலர்களில் இத்தனை பேருக்கு, இவ்வளவு தொகை வரை, இந்த மாதம் வரை என்று கடன் விடும் அதிகாரத்தை அவரிடமே விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று வையுங்கள்.

அடுத்தது உங்கள் சட்ட நிலை. இதில்தான் உங்களைப் பற்றி எனக்குக் கவலை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலுத்திய மூலதனம் உள்ள பொது நிறுவனங்களும் தலைமைச் செயல் அதிகாரி போன்ற முழுநேர முதன்மை நிர்வாக அலுவலர்களை முறைப்படி நியமிக்க வேண்டும். தலைமைச் செயல் அதிகாரியைப் பொறுத்தவரை தனியார் நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே உங்கள் பதவிக்குப் பின்னால் இயக்குநர் குழுத் தீர்மானம் இல்லாமல், வெறும் நியமனக் கடிதம் மட்டும் இருக்கக்கூடும். நிறுவனங்கள் பதிவாளர் அலுவலகப் பதிவில் பெரியவரே இன்னும் நிர்வாக இயக்குநராக இருக்கக்கூடும். அப்படியானால் தலையிடுகிறார் என்று நீங்கள் சொல்வது சட்டத்தின் கண்ணில் அவர் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் பொறுப்பு மட்டும் உங்களை விட்டு அப்படி நழுவாது. தலைமைச் செயல் அதிகாரி என்ற பெயரில் இருப்பவரைத் தவறுக்குப் பொறுப்பான அலுவலராகக் காட்ட அதே சட்டத்தில் வழி இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட காசோலை திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி வழக்கில் உங்கள் பெயரும் சேரும். லாரியை அனுப்பச் சொன்னது நான் இல்லை என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

ஆகவே இயக்குநர் குழுவின் தீர்மானம் ஒன்று வேண்டும். அது நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. விலை, கடன், ஆட்கள் நியமனம், மூலதனச் செலவு, கொள்முதல் ஆகிய ஐந்திலும் எவ்வளவு தொகை வரை நீங்கள் தனியாக முடிவெடுக்கலாம், எங்கே பெரியவரைக் கலந்து கொள்ள வேண்டும், எது குழுவுக்குப் போக வேண்டும் என்பது எழுத்தில் இருந்தால் போதும். கடன் வாங்குவது போன்ற சில முடிவுகளைப் பொதுவாகக் குழுக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; அவற்றில் உங்களுக்கு உரிமை கேட்காதீர்கள். இதை நீங்களே வரைந்து கொண்டுபோனால் அது கோரிக்கை மனுவாகத் தெரியும். பெரியவர் நம்பும் ஆடிட்டரை உட்கார வைத்து, பெரியவர் சொல்லச் சொல்ல எழுதச் செய்யுங்கள். எதையெல்லாம் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று அவரே தீர்மானிக்கட்டும். இப்படிக் கேட்டால், தம்மிடம் இருந்தே தீர வேண்டும் என்று நிறுவனர்கள் நினைப்பவை நாம் அஞ்சுவதை விடக் குறைவாகவே இருக்கும் என்பது என் அனுபவம். பெயர்ப்பலகை, பழைய ஊழியர்களை வேலையை விட்டு அனுப்புவது, காஸ்டிங் (வார்ப்பு) தரம் ஆகியவற்றில் கை வைக்காதிருந்தால் மற்றதில் பலர் பிடிவாதம் காட்டுவதில்லை. உங்கள் பெரியவர் வேறு மாதிரி இருக்கலாம். அப்படியென்றால் அதுவும் அன்றே தெரிந்துவிடும்.

குழுவில் இப்போது குடும்பத்தார் மட்டுமே இருக்கிறார்கள் என்றால், வெளியார் ஒருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியோ வேறு தொழிலில் இருக்கும் அவருடைய நண்பரோ ஆகலாம். அவர் சொன்னால் பெரியவர் கேட்பார் என்பதுதான் தகுதி. மாதம் ஒருமுறை, தேதி குறித்து, பெரியவர், அந்த வெளியார், நீங்கள் மூவரும் அமர்ந்து வங்கிக் கணக்கு, பாக்கி, உற்பத்தி ஆகியவற்றைப் பாருங்கள். நான் முன்னே சொன்ன நாற்காலி இதுதான். அந்தக் கூட்டத்துக்கு வேண்டிய தாள்கள் இரண்டு நாள் முன்பே பெரியவர் மேசைக்குப் போய்விட வேண்டும். தகவல் தானாகவே வந்து சேர்கிறது என்று தெரிந்தால், காலையில் மேலாளர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டிய அவசியம் அவருக்குக் குறையும்.

மேலாளர்கள் அவர் அறைக்குப் போவதைத் தடுக்காதீர்கள். தடுத்தால் தொலைபேசியில் பேசுவார்கள், அது உங்கள் கண்ணிலும் படாது. வாரத்தில் இரண்டு நாள் நீங்களும் அவர்களோடு அந்த அறைக்குப் போங்கள். அவர் சொல்வதை நீங்களே குறித்துக்கொண்டு, 'இதை நான் பார்த்துச் சொல்கிறேன் ஐயா' என்று அங்கேயே சொல்லுங்கள். மூன்றாம் நாள் பதிலோடு போங்கள், பதில் 'முடியாது' என்றாலும். பெரியவரிடம் போனாலும் காரியம் உங்கள் வழியாகத்தான் நடக்கிறது என்பதைக் கொள்முதல் மேலாளர் விரைவிலேயே புரிந்துகொள்வார். தம் உறவினர் கடையிலேயே வாங்க வேண்டும் என்பது போன்ற காரணம் அவருக்கு இருந்தால் மட்டும் வழி மாற மாட்டார். அது வேறு விசாரணை.

மகள் விஷயத்தில் இப்போது எதுவும் செய்ய வேண்டாம். அவர் நாளை உங்கள் இடத்துக்கு வரப்போகிறவரா என்பதைப் பெரியவரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆம் என்றால், உங்கள் பணிக்காலம் எவ்வளவு என்பதும் அதோடு பேசப்பட வேண்டும். அவருக்குத் தொழிலைக் கற்றுத்தருவதும் உங்கள் வேலையாக எழுதப்பட வேண்டும். பாராசூட் தேங்காய் எண்ணெய் தயாரிக்கும் மாரிகோவில் நிறுவனர் ஹர்ஷ் மாரிவாலா 2014இல் குடும்பத்தைச் சேராத சௌகதா குப்தாவிடம் நிர்வாக இயக்குநர் பொறுப்பைத் தந்து, தாம் தலைவராக மட்டும் இருந்தபோது, குப்தா அங்கே சேர்ந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்த ஓராண்டிலேயே முழு நம்பிக்கையை எதிர்பார்ப்பது உங்களுக்கும் நியாயமில்லை, பெரியவருக்கும் நியாயமில்லை.

ராஜினாமாவைப் பற்றி. அவர் உங்கள் முடிவை மாற்றினார் என்பதற்காக விலகாதீர்கள். அது இன்னும் சில முறை நடக்கும். ஆனால் தீர்மானத்தை எழுதித் தர மறுத்து, காசோலையிலும் வங்கிக்குப் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்டிலும் மட்டும் உங்கள் கையெழுத்தைக் கேட்டால் விலகிவிடுங்கள். குறிப்பாக, பழைய பாக்கியைப் புதியது போலக் காட்டச் சொன்னால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தவறான கணக்கு என்று தெரிந்தே வங்கிக்குத் தருவது குற்றவியல் வழக்கு வரை போகும்.

உங்கள் வங்கி வரம்பு எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்று அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பாகவே பெரியவரிடம் பிணையைப் பற்றிய பேச்சைத் தொடங்கிவிடுங்கள். அலுவலகத்தில் வேண்டாம், அவர் வீட்டில், அவர் மனைவியும் உடன் இருக்கும்போது பேசுங்கள். பிணைப் பத்திரத்தில் அவர் மனைவியின் கையெழுத்தும் இருக்கும். டீலரைப் பற்றிய தாளை அன்று கொண்டுபோக வேண்டாம். அதை அடுத்த வாரம் அலுவலகத்தில் காட்டுங்கள்.